திரைக்கதை எழுதிய மார்க்கேஸ், கதை கட்டக் கற்றுக்கொடுத்த மார்க்கேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸைத் தமிழில் வாசித்தவர்கள் நிறையப் பேர். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நம் மொழியில் கிடைக்கிறது. சிறுகதைகளும் பல ஆண்டுகளாகச் சிற்றிதழ்களில் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கச் சினிமாவைச் சுற்றி வந்தவர், அறுபது வயதை நெருங்கும்போது இளைஞர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்துக் கதை கட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர் என்பது இங்கே அதிகம் பேசப்படவில்லை. வாசக நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கற்றுக்கொடுக்கும் ஆசிரியரான மார்க்கேஸ் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர். அந்தப் பகுதி நீண்டுவிட்டது. அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்க்கேஸ் சினிமாவுக்கு ஆசைப்பட்டு எழுதினாரா, பணத்துக்காக எழுதினாரா?

இரண்டுக்காகவும்தான். மெக்சிகோவில் குடும்பத்தை ஓட்டப் பணம் தேவைப்பட்டது, அது உண்மை. ஆனால் பணம் மட்டுமே காரணம் என்றால் நோபல் பரிசு வாங்கிய பிறகு அவர் திரைக்கதை எழுதியிருக்க வேண்டியதில்லை. 1982இல் பரிசு கிடைத்தது. 1988இல் ஸ்பானியத் தொலைக்காட்சிக்காக ஆறு படங்கள் கொண்ட ஒரு வரிசை வந்தது. ஆறின் திரைக்கதையிலும் அவர் கை இருந்தது. 1996இல் கிரேக்க நாடகத்தின் ஈடிபஸ் கதையைக் கொலம்பியாவின் வன்முறைக்கு நடுவே கொண்டுவந்து வைத்த படத்துக்கும் எழுதினார். இளமையில் தொற்றிய மோகம் அவரை முதுமை வரைக்கும் விடவில்லை.

சினிமாவுக்கும் தனக்கும் உள்ள உறவைப் பொருந்தாத தம்பதியின் வாழ்க்கையோடு ஒப்பிட்டு அவர் பேசியதுண்டு. சேர்ந்தும் வாழ முடியாது, பிரிந்தும் வாழ முடியாது.

அந்த மோகம் எங்கே தொடங்கியது?

அரக்கட்டாக்காவில், தாத்தாவின் சாப்பாட்டு மேசையில்.

கொலம்பியாவின் கரீபியக் கரையை ஒட்டிய வாழைத்தோட்டப் பகுதியில் உள்ள ஊர் அது. 1927 மார்ச் 6 அன்று அங்கே பிறந்தார். பெற்றோர் வேறு ஊரில் இருக்க, தாய்வழித் தாத்தா கர்னல் நிக்கோலாஸ் மார்க்கேஸும் பாட்டி த்ரான்கிலினா இகுவாரானும்தான் வளர்த்தார்கள். அந்தோனியோ தாகோன்த்தே என்ற இத்தாலியர் அந்த ஊருக்கு மௌனப் படங்களைக் கொண்டுவந்திருந்தார். தாத்தா பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படம் பார்க்கப் போவார். மறுநாள் சாப்பிட உட்காரும்போது, நேற்றுப் பார்த்த படத்தின் கதையைச் சொல்லச் சொல்வார். பையன் விட்ட இடத்தை எடுத்துக்கொடுப்பார், தவறினால் திருத்துவார், சிக்கலான கட்டங்களைச் சேர்ந்து ஒழுங்குபடுத்துவார். தன்வரலாற்றில் மார்க்கேஸே இதை எழுதியிருக்கிறார்.

மார்க்கேஸின் பாட்டியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நம்ப முடியாததை முகம் மாறாமல் சொல்லும் அவருடைய குரல்தான் நாவலின் குரலாயிற்று என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. தாத்தாவின் பங்கு அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. பார்த்ததைத் திருப்பிச் சொல், விட்டதைக் கண்டுபிடி, மறுபடி சொல் என்று அவர் நடத்தியது ஒரு திரைக்கதை வகுப்பு. ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பேரன் கியூபாவில் நடத்திய வகுப்பும் ஏறக்குறைய இதுதான்.

சினிமாவை முறையாகப் படித்தாரா?

படித்தார், ஆனால் முடிக்கவில்லை. முதலில் விமர்சகராக இருந்தார். 1954இல் பொகோட்டாவின் 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழில் சேர்ந்து, வாராவாரம் புதுப் படங்களைப் பற்றி எழுதினார். கொலம்பியப் பத்திரிகைகளில் அப்படி ஒழுங்காகச் சினிமாவை விமர்சிப்பது அப்போது புதிய விஷயம். 1955இல் அதே பத்திரிகை அவரை ஜெனீவா உச்சி மாநாட்டுக்குச் செய்தியாளராக அனுப்பியது. அங்கிருந்து ரோமுக்குப் போய் அரசுத் திரைப்படக் கல்லூரியான சென்ட்ரோ ஸ்பெரிமென்தாலேயில் சேர்ந்தார். சில மாதங்கள்தான் இருந்தார். வகுப்புப் பாடங்களைவிட மூவியோலாவில் படம் தொகுப்பதைப் பார்ப்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. துண்டு துண்டாக எடுத்த காட்சிகள் எந்த வரிசையில் ஒட்டினால் கதையாகின்றன என்பதை அந்த இயந்திரம் கண்ணுக்கு முன்னே காட்டும்.

ரோமில் அவர் சந்தித்தவர்களில் ஒருவர் அர்ஜென்டினாக்காரர் ஃபெர்னாந்தோ பிர்ரி. அதே கல்லூரியில் படித்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கியூபாவில் திரும்ப வரும்.

இத்தாலிய சினிமாவின் தடம் அவர் கதைகளில் தெரிகிறதா?

ஓய்வூதியக் கடிதத்துக்காகப் பல்லாண்டு காத்திருக்கும் கர்னலைப் பற்றிய குறுநாவலை எடுத்துப் பாருங்கள். ரோமிலிருந்து பாரிஸுக்குப் போனார். கொலம்பிய ராணுவ ஆட்சியில் 'எல் எஸ்பெக்தாதோர்' நின்றுபோனது, சம்பளமும் நின்றுபோனது. விடுதி வாடகைகூடக் கொடுக்க முடியாமல் கிடந்த அந்த நாட்களில் எழுதியது அது. தொடக்கத்தில் கர்னல் காப்பி டப்பாவைத் திறக்கிறார். ஒரு கரண்டி அளவுதான் இருக்கிறது. கத்தியால் டப்பாவின் உட்பக்கத்தைச் சுரண்டுகிறார். துருவும் சேர்ந்து விழுகிறது. வறுமை என்ற சொல்லே அங்கே இல்லை. ஒரு கை, ஒரு கத்தி, ஒரு டப்பா மட்டும்தான். 'சைக்கிள் திருடர்க'ளுக்கும் 'உம்பெர்த்தோ டி'க்கும் எழுதிய செசாரே சவாத்தினியை மார்க்கேஸ் பெரிதும் மதித்தார். 'உம்பெர்த்தோ டி'யில் வேலைக்காரப் பெண் விடியற்காலையில் சமையலறையில் காப்பிக்கொட்டை அரைக்கும் நீண்ட காட்சியைப் பார்த்தவர்களுக்கு, கர்னலின் டப்பா எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் அவரே இந்தக் குறுநாவலில் சினிமாவின் பாதிப்பு அளவுக்கு மீறியிருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்ப்பதுபோல் எழுதுவது, யார் எங்கே நிற்கிறார் என்று அளந்து வைப்பது, இவை எல்லாம் நாவலுக்குத் தளையாகிவிடும் என்பது அவர் முடிவு. இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. அந்தக் குறுநாவலின் அழகே அந்த அளவான பார்வைதான்.

மெக்சிகோவில் என்ன செய்தார்?

1961 கோடையில் நியூயார்க்கிலிருந்து மனைவி மெர்சேதஸ், கைக்குழந்தை ரோத்ரிகோ ஆகியோருடன் பேருந்திலேயே பயணம் செய்து மெக்சிகோ நகரத்துக்கு வந்தார். சினிமாவில் எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம். வேலை கிடைத்ததோ இரண்டு வணிகப் பத்திரிகைகளில். ஒன்று குடும்பப் பெண்களுக்கானது, மற்றது குற்றச் செய்திகள் நிறைந்தது. அவற்றின் உரிமையாளர் குஸ்தாவோ அலாத்ரிஸ்தே படத் தயாரிப்பாளரும்கூட, ஆகவே இவர் வழியாகச் சினிமாவுக்குள் நுழைந்துவிடலாம் என்று நம்பினார். அது நடக்கவில்லை. பிறகு ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார். நடுநடுவே திரைக்கதைகளும் எழுதினார். இந்த நாட்களில் புதிய நாவல் எதையும் எழுதவில்லை.

முதலில் வந்தது 'பொற்சேவல்', 1964. மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோ எழுதிய கதை, ராபர்த்தோ கவால்தோன் இயக்கம். மார்க்கேஸ் எழுதிக்கொடுத்த திரைக்கதையைப் படித்த தயாரிப்பாளர், நன்றாக இருக்கிறது, ஆனால் வசனம் கொலம்பியனில் இருக்கிறது, மெக்சிகனுக்கு மாற்ற வேண்டும் என்றாராம். அதற்காக வந்து சேர்ந்தவர் கார்லோஸ் ஃபுயந்தஸ். இரண்டு பேரும் பிற்காலத்தில் லத்தீன் அமெரிக்க நாவலின் பெருந்தூண்கள். அன்று ஒரு சேவல் கதைக்கு வரி வரியாக வசனம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1965இல் அவருடைய சிறுகதை ஒன்று அல்பெர்த்தோ இசாக்கின் இயக்கத்தில் படமானது. பில்லியர்ட்ஸ் கூடத்திலிருந்து மூன்று பந்துகளைத் திருடியவனின் கதை. அதில் திரையரங்கு வாசலில் டிக்கெட் கிழிப்பவராக மார்க்கேஸே நடித்தார். இயக்குநர் லூயிஸ் புன்யுவேல் பாதிரியாராக வருகிறார், ருல்ஃபோவும் தலைகாட்டுகிறார். அந்தக் காலத்து மெக்சிகோ நகரத்தின் அறிவுலகம் மொத்தமும் ஒரு சின்னப் படத்துக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது ஒரு தனி இன்பம்.

1966இல் வந்தது 'சாவதற்கான நேரம்'. அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அர்துரோ ரிப்ஸ்டீனின் முதல் படம். மூலக்கதையும் திரைக்கதையும் மார்க்கேஸ், வசனத்தில் ஃபுயந்தஸும் துணை. அவருடைய சினிமா எழுத்தில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து.

'தனிமையின் நூறு ஆண்டுக'ளை எழுத சினிமாவை விட்டுவிட்டாரா?

சினிமாவோடு கோபித்துக்கொண்டு எழுதியது என்று சொல்லலாம். 1965இல் அக்காபுல்கோவுக்குக் காரில் போகும் வழியில் நாவலின் தொடக்கம் மனத்தில் வந்து விழுந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய 18 மாதங்கள் எழுதினார். காரை அடகு வைத்தார். 590 பக்கக் கையெழுத்துப் பிரதியைப் புவெனஸ் ஐரெஸுக்கு அனுப்ப அஞ்சலகத்துக்குப் போனபோது 82 பெசோ கேட்டார்கள். கையில் இருந்தது 53. பாதியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, கணப்பு, தலைமுடி உலர்த்தி, மிக்ஸி ஆகியவற்றை அடகு வைத்து மீதியை அனுப்பினார்கள். இவ்வளவும் செய்து நாவல் மோசமாகப் போகாமல் இருந்தால் சரி என்றாராம் மெர்சேதஸ். 1967 மே 30 அன்று சுதமெரிக்கானா பதிப்பகம் வெளியிட்டது. முதல் பதிப்பு 8,000 பிரதிகள்.

சினிமா அவருக்கு இங்கேதான் பெரிய உதவி செய்தது. காட்சியால் என்ன முடியும் என்பதை அதில் கற்றார். அதைவிட முக்கியமாக, காட்சியால் என்ன முடியாது என்பதையும் கற்றார். ஒரு வாக்கியத்துக்குள் மூன்று காலங்களை வைப்பது, ஏறக்குறைய ஐந்து ஆண்டு பெய்யும் மழையை ஐந்து ஆண்டாகவே உணரவைப்பது, ஒரு பெண் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்கு எழும்பிப் போவதை யாரும் கேள்வி கேட்காதபடி சொல்வது என, அன்றைய மெக்சிகோவில் எந்தத் தயாரிப்பாளரிடமும் போய்ச் சொல்ல முடியாதவற்றை எல்லாம் நாவலில் எழுதினார். பணமும் கூட்டமும் இயந்திரமும் சேர்ந்து செய்யும் தொழில் சினிமா. எழுதுகிறவன் நினைத்தது திரைக்கு வருவதற்குள் பத்துக் கை மாறிவிடும் என்ற சலிப்பை அவர் பேட்டிகளில் மறைக்கவில்லை. அந்தச் சலிப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

திரைக்கதையாகத் தொடங்கிக் கதையாக மாறியவை உண்டா?

உண்டு. கொடிய பாட்டியிடம் சிக்கிய எரெந்திராவின் கதை முதலில் திரைக்கதையாகத்தான் எழுதப்பட்டது. 1972இல் நெடுங்கதையாக வெளிவந்தது. 1983இல் ரூய் கேர்ரா இயக்கத்தில் படமானது. பாட்டியாக நடித்தவர் ஐரீன் பாப்பாஸ்.

கார் பழுதாகி நின்ற பெண் ஒருத்தி, தொலைபேசியில் பேச வேண்டும் என்று வழியில் வந்த பேருந்தில் ஏறி, மனநல விடுதிக்குள் நோயாளியாக அடைபட்டுப்போகும் கதையைப் பலர் வாசித்திருப்பீர்கள். அது 1979லேயே ஹைமே ஹும்பெர்த்தோ எர்மோசியோவின் படமாக வந்துவிட்டது. சிறுகதையாகத் தொகுப்பில் சேர்ந்தது 1992இல்.

அந்த 1992 தொகுப்பின் முன்னுரையைக் கதை எழுத விரும்பும் எல்லோரும் படிக்க வேண்டும். பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் 64 கதைக் கருக்களைக் குறித்து வைத்திருந்தார். நோட்டு தொலைந்துபோனது. நினைவிலிருந்து 30ஐ மீட்டெடுத்தார். அவற்றில் 18 தேறின. கடைசியில் புத்தகத்துக்கு வந்தவை 12. இந்தப் பன்னிரண்டிலும் ஐந்து ஏற்கெனவே பத்திரிகைக் குறிப்பாகவோ திரைக்கதையாகவோ இருந்தவை; ஒன்று தொலைக்காட்சித் தொடராக இருந்தது. தொடங்கியதிலிருந்து முடிக்க 18 ஆண்டுகள் ஆயின.

அவர் வசனத்தில் பலவீனமானவர் என்கிறார்களே?

நாவல்களில் உரையாடல் குறைவு என்பது உண்மை. ஸ்பானிய மொழியில் பேசும் உரையாடலுக்கும் எழுதும் உரையாடலுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது, வாயில் நன்றாக ஒலிப்பது தாளில் நன்றாக இருப்பதில்லை என்பது அவர் விளக்கம். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே அன்றாடம் பாலம் கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இது உடனே புரியும். ஆனால் அவர் எழுதும் ஒற்றை வரிப் பேச்சு சில நேரம் ஒரு அத்தியாயத்தின் கனத்தைத் தாங்கும். கர்னல் குறுநாவலின் கடைசிச் சொல் அப்படிப்பட்டது.

கியூபாவில் திரைப்படப் பள்ளி எப்படி உருவானது?

1985 டிசம்பரில் புதிய லத்தீன் அமெரிக்க சினிமாவுக்கான அறக்கட்டளை ஹவானாவில் அமைந்தது. தலைவர் மார்க்கேஸ். மறு ஆண்டு டிசம்பர் 15 அன்று, ஹவானாவுக்குத் தென்மேற்கே சான் அந்தோனியோ தெ லோஸ் பான்யோஸ் என்ற ஊரை ஒட்டி, சர்வதேசத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் ஃபெர்னாந்தோ பிர்ரி. உடன் நின்றவர் கியூப இயக்குநர் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா; அவரும் ரோம் கல்லூரியில் படித்தவரே. 1950களில் ரோமில் கனவு கண்ட இளைஞர்கள் முப்பது ஆண்டு கழித்துத் தம் கண்டத்துக்கென ஒரு பள்ளியைக் கட்டினார்கள். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய நிலங்களின் பிள்ளைகளுக்கு என்று தொடங்கியதால் 'மூன்று உலகங்களின் பள்ளி' என்று அழைக்கப்பட்டது.

பள்ளி இருக்கும் பண்ணையின் பெயர் சான் த்ரான்கிலினோ. பாட்டியின் பெயர் த்ரான்கிலினா என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

ஃபிதல் காஸ்த்ரோவின் தயவில் நடந்த பள்ளிதானே அது?

கியூப அரசின் ஆதரவு இல்லாமல் அந்தப் பள்ளி எழும்பியிருக்காது. காஸ்த்ரோவுடன் மார்க்கேஸுக்கு இருந்த நட்பு ஊரறிந்தது. 1971இல் கியூபக் கவிஞர் எபெர்த்தோ பதியா கைது செய்யப்பட்டபோது லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள் பலர் கியூபாவை விட்டு விலகினார்கள். மார்க்கேஸ் விலகவில்லை. அதற்கான கண்டனம் அவரைக் கடைசி வரை தொடர்ந்தது, அந்தக் கண்டனத்தில் நியாயமும் இருக்கிறது. பள்ளியின் பயனை வைத்து அந்த மௌனத்தைச் சரிக்கட்ட நான் விரும்பவில்லை. அதே சமயம், சொந்த நாட்டில் சினிமா படிக்க வழியில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பண்ணை கதவு திறந்தது என்பதையும் மறைக்க முடியாது.

அவருடைய திரைக்கதைப் பட்டறை எப்படி நடந்தது?

கோடம்பாக்கத்தில் 'கதை விவாதம்' என்று சொல்வோமே, உருவத்தில் அதுதான். ஒரு மேசை. சுற்றிலும் பத்துப் பேர் அளவில், வெவ்வேறு நாட்டுக்காரர்கள். ஏற்கெனவே கொஞ்சம் எழுதிப் பழகியவர்கள். நடுவில் மார்க்கேஸ். ஒவ்வொருவரும் ஒரு கதைக் கருவோடு வர வேண்டும். இலக்கு, தொலைக்காட்சியில் அரைமணி நேரம் ஓடக்கூடிய ஒரு கதை.

ஒருவர் கதையைச் சொல்லத் தொடங்குவார். மற்றவர்கள் குறுக்கே புகுவார்கள். இவன் ஏன் அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறான்? அவள் கடிதத்தைப் படிக்காவிட்டால் என்ன ஆகும்? கதை யாருடையது, கணவனுடையதா, வேலைக்காரியுடையதா? மார்க்கேஸ் கேள்வி கேட்பார், வழி மாற்றுவார், தன் கதை ஒன்றை எடுத்து நடுவில் வைப்பார். சில சமயம் அவர் சொன்ன யோசனையையே மாணவர்கள் தூக்கி எறிவார்கள், அவரும் விட்டுவிடுவார். பேச்சு முழுவதும் பதிவாகி, பிற்பாடு மூன்று புத்தகங்களாக ஸ்பானிய மொழியில் வந்தது. அவற்றைப் படிக்கும்போது நோபல் பரிசு பெற்றவர் பேசுகிறார் என்ற உணர்வே வராது. விடியவிடியக் கதை பேசும் ஒரு கூட்டத்தில் நாமும் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

இரண்டு விஷயங்கள் அங்கே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, கதை எந்தக் கணத்தில் பிறக்கிறது என்பது. ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோவின் இறுதி ஊர்வலப் புகைப்படம் ஒன்றை அவர் உதாரணம் சொல்கிறார். மழை, பின்னணியில் கலங்கிய உருவங்களாகக் காவலர்கள், குடைகள், கறுப்பு உடையில் மெலிந்த தனிப் பெண்ணாக மருமகளான பேரரசி. அந்தப் படத்தைப் பார்த்ததும் அதில் ஒரு கதை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேரரசரின் மரணம் செய்தி. அந்தப் பெண் குடையோடு நிற்பதுதான் கதை. என்ன கதை என்று தெரியாமலேயே அந்தப் படத்தைத் துரத்திக்கொண்டு போவதுதான் வேலை என்று மாணவர்களிடம் சொல்கிறார்.

மற்றது, தூக்கி எறிவது. வெளியிட்டதை வைத்து ஒரு நல்ல எழுத்தாளனை அறிய முடியாது, குப்பைக்கூடைக்குப் போட்டதை வைத்துத்தான் அறிய முடியும் என்பது அவர் கருத்து. 64 கருவில் 52ஐ இழந்த மனிதர் சொல்வதால் இதை வெறும் உபதேசமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பட்டறை ஒன்றில், கனவு காண்பதையே கூலிவேலையாகச் செய்யும் பெண்ணைப் பற்றிய தன் கதையைக் கொடுத்து, அதை ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடராக விரிக்கச் செய்தார். ரூய் கேர்ரா இயக்கினார். ஜெர்மன் நடிகை ஹன்னா ஷிகூலா நடித்தார். நிஜமாகவே திரைக்குப் போகப்போகிற ஒரு வேலையைப் பழகுகிறவர்கள் கையில் கொடுத்து, அவர்களோடு சேர்ந்து அல்லாடிய ஆசிரியர் அவர்.

எழுத்தைக் கற்றுத்தர முடியும் என்று நம்பினாரா?

கதைசொல்லி பிறக்கிறான், அவனை உருவாக்க முடியாது என்றார். உடனே, அந்த வரம் மட்டும் போதாது என்றும் சேர்த்துக்கொண்டார். வாசிப்பும் நுட்பமும் அனுபவமும் இல்லாவிட்டால் வரத்தால் பயன் இல்லை. வரம் இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த சோதனை எளிமையானது: கதையைச் சொல்லச் சொன்னார். எழுதிக் காட்டு என்று கேட்கவில்லை. வாயால் சொல்லும்போது எங்கே கேட்பவர் கண் சோர்கிறது என்று சொல்பவருக்கே தெரிந்துவிடும். தாத்தா செய்ததும் இதுதான் அல்லவா?

தொடவும் முடியாத, காணவும் முடியாத ஒன்றுக்காக ஒரு மனிதன் பட்டினி கிடந்து சாகவும் துணிவது எப்படி என்ற வியப்பு அவரிடம் கடைசி வரை இருந்தது. உலகத்தில் தனக்கு மிக முக்கியமானது அந்தப் படைப்புச் செயல்தான் என்று மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

பத்திரிகையாளர்களுக்கும் கற்றுக்கொடுத்தாரா?

ஆம். 1994இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் புதிய இதழியலுக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். இப்போது அது அவருடைய செல்லப்பெயரால் காபோ அறக்கட்டளை என்று வழங்குகிறது. 1995 முதல் பட்டறைகள் நடந்தன. அவரும் நடத்தினார், பிற தேர்ந்த செய்தியாளர்களும் நடத்தினார்கள்.

1996 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் அவர் ஆற்றிய உரையில் ஒலிப்பதிவுக் கருவியைக் கடுமையாகச் சாடினார். அது காதில் வாங்கும், ஆனால் உற்றுக் கேட்காது. கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்லும், ஆனால் யோசிக்காது. 1955இல் கடலில் பத்து நாள் தத்தளித்து உயிர்பிழைத்த மாலுமியின் கதையை அவர் எழுதியபோது, தினம் ஆறு மணி நேரம் வீதம் இருபது அமர்வுகள் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தும், முரண்பாடு தெரிகிறதா என்று மடக்கிக் கேட்டும்தான் எழுதினார். அதே உரையில், வண்டுக்கு ரீங்காரம்போல் இதழியலுக்கு அறம் பிரியாமல் கூடவே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

தன் பெரிய நாவலைப் படமாக்க ஏன் அனுமதிக்கவில்லை?

'தனிமையின் நூறு ஆண்டுக'ளின் வாசகர் அதில் வரும் குடும்பத்து மனிதர்களுக்குத் தன் சித்தப்பா, அத்தை, பாட்டி முகங்களைக் கொடுத்துப் படிக்கிறார். ஒரு நடிகர் முகம் வந்துவிட்டால் மற்ற எல்லா முகங்களும் போய்விடும் என்றார். 2014 ஏப்ரல் 17 அன்று அவர் மெக்சிகோ நகரத்தில் காலமானார். அதன்பின் மகன்கள் ரோத்ரிகோவும் கொன்சாலோவும் சம்மதித்து, 2024 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் முதல் எட்டுப் பகுதிகள் வந்தன. ஸ்பானிய மொழியிலேயே, கொலம்பியாவிலேயே எடுத்தார்கள். கவனமாகச் செய்யப்பட்ட தொடர்தான். இருந்தாலும் நாவலை இதுவரை படிக்காதவர்கள் முதலில் படித்துவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். உங்கள் வீட்டுப் பாட்டியின் முகத்தை, நாவலின் மூதாட்டி ஊர்சுலாவிடமிருந்து யாரும் பறிக்க வேண்டாம்.

அவர் எழுதிய படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்ப்பதானால்?

ரிப்ஸ்டீனின் 'சாவதற்கான நேரம்'. ஹுவான் சாயாகோ என்பவன் ஒருவனைக் கொன்றதற்காக 18 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறான். பழைய வீடு இடிந்து கிடக்கிறது. காதலித்த பெண் விதவையாகிவிட்டாள். செத்தவனின் இரண்டு மகன்களும் வளர்ந்துவிட்டார்கள். மூத்தவன் பழிவாங்கக் காத்திருக்கிறான். இளையவனோ அப்பாவைக் கொன்றவன் என்று தெரியாமல் பேசிப் பழகி, அவனை நல்ல மனிதன் என்று கண்டுகொள்கிறான். சாயாகோவுக்கு யாரோடும் சண்டை போட விருப்பமில்லை, எஞ்சிய நாட்களை அமைதியாகக் கழித்தால் போதும். சிறையில் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். கண் பார்வையும் மங்கிவிட்டது. எதையும் சரியாகப் பார்க்கக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். துப்பாக்கிச் சண்டைப் படம் என்று நினைத்து உட்காருகிறவர்கள், ஒரு முரட்டு மனிதன் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடும் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.